கேட்டல் என்னும் ஆட்டத்திறன்: பன்னாட்டுப் போட்டிகளில் ஜப்பான் மகளிர் கோல்பால் அணி (2004–2021)

ஆய்வுச்சுருக்கம்

பார்வைத்திறன் குறையுடையோருக்கென்றே உருவாக்கப்பட்ட குழு விளையாட்டு கோல்பால். 2004ஆம் ஆண்டின் ஏதென்ஸ் பாராலிம்பிக் முதல் 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக் வரையிலான ஜப்பான் மகளிர் தேசிய அணியின் பயணத்தை முன்வைத்து, இவ்விளையாட்டில் கேட்டல் எவ்வாறு பயிற்சியால் அமையும் திறனாகச் செயற்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பார்வையிழப்புக்கு ஈடாகச் செவி தானே கூர்மை பெறுகிறது என்னும் பரவலான கருத்து, இவ்வணியின் வெற்றியையும் தோல்வியையும் விளக்கப் போதுமானதன்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கோல்பால், பாராலிம்பிக், ஜப்பான் மகளிர் அணி, ஒலியிடங்காணல், கண்மறைப்பு, தற்காப்பு

முன்னுரை

2012 செப்டம்பர் 7 அன்று இலண்டனின் காப்பர் பாக்ஸ் அரங்கில் நடந்த மகளிர் கோல்பால் இறுதிப் போட்டியில் ஜப்பான் அணி சீன அணியை 1–0 என்னும் கணக்கில் வென்றது. அந்த ஒரு கோலை முதற்பாதியில் அகிகோ அதாச்சி அடித்தார். அதன்பின் ஆட்டம் முடியும் வரை சீன வீராங்கனையர் எறிந்த பந்துகளில் ஒன்றுகூட ஜப்பானின் கோல் கோட்டைக் கடக்கவில்லை. பாராலிம்பிக் குழு விளையாட்டுகளில் ஜப்பான் பெற்ற முதல் தங்கப் பதக்கம் இதுவே.

இத்தகைய வெற்றியைப் பற்றிப் பேசும்போது இரண்டு விளக்கங்கள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, குறையை வென்ற மனவுறுதி. மற்றொன்று, கண்ணில்லாதவருக்குக் காது கூர்மை என்னும் பொதுநம்பிக்கை. முதலாவது எந்த வீரருக்கும் பொருந்தும். ஆதலால் இந்த ஆட்டத்தைப் பற்றித் தனியாக எதையும் கூறுவதில்லை. இரண்டாவது ஓர் அறிவியல் கூற்றின் தோற்றத்தைக் கொண்டது. ஆயினும் அதை அப்படியே ஏற்றால், களத்தில் இருபுறமும் பார்வைத்திறன் குறையுடையோரே ஆடும் போட்டியில் ஓர் அணி வெல்வதற்கும் மற்றோர் அணி தோற்பதற்கும் காரணம் கூற இயலாது. அதைவிட முக்கியமாக, பல்லாண்டுப் பயிற்சியின் விளைவை இயற்கையின் கொடையாக அது மாற்றிவிடுகிறது. ஒரு சதுரங்க வீரரின் ஆட்டத்தை எவரும் அவ்வாறு விளக்குவதில்லை. மாற்றுத்திறனாளர் விளையாட்டு குறித்த எழுத்துகளில் ஆட்ட நுட்பம் பற்றிய பேச்சு அரிதாக இருப்பதற்கு இந்த மனப்பாங்கும் ஒரு காரணம் எனலாம்.

ஆட்டத்தின் தோற்றமும் அமைப்பும்

இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களின் மறுவாழ்வுக்காக 1946இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் லோரன்சென், ஜெர்மனியைச் சேர்ந்த செப் ரைண்டில் ஆகிய இருவரும் கோல்பால் விளையாட்டை உருவாக்கினர். 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. 1976இல் டொரான்டோவில் ஆடவருக்கான பதக்க விளையாட்டாயிற்று. மகளிர் பிரிவு 1984இல்தான் சேர்க்கப்பட்டது. அதன்பின்னும் பங்கேற்பு உடனே சமனாகிவிடவில்லை. 2008 பெய்ஜிங்கில் ஆடவர் அணிகள் 12, மகளிர் அணிகள் 8. 2012 இலண்டனில் முறையே 12, 10. ரியோ போட்டியில்தான் இரு பிரிவுக்கும் பத்துப் பத்து அணிகள் என்னும் நிலை வந்தது.

கண்ணால் ஆடும் விளையாட்டொன்றைத் திருத்தி அமைத்ததாக இல்லாமல், ஒலிக்கென்றே தொடக்கத்திலிருந்து வகுக்கப்பட்டது கோல்பால். ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. கைப்பந்துக் களத்தின் அளவும் இதுவே. ஆனால் கோல், களத்தின் முழு அகலத்தையும் நிரப்பி நிற்கிறது: 9 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம். அணிக்கு மூவர் களத்தில் இருப்பர். மாற்று வீரர் மூவர் வெளியே இருப்பர். பந்தின் எடை 1.25 கிலோகிராம், சுற்றளவு ஏறத்தாழ 76 சென்டிமீட்டர். அதன் உள்ளே மணிகள் உள்ளன; மணியோசை வெளியேற எட்டுத் துளைகள் உள்ளன. களத்தின் கோடுகள் நூலின் மேல் நாடா ஒட்டி அமைக்கப்படுவதால் கையாலோ காலாலோ தடவி அறியத்தக்கவை. ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக நடைபெறும்.

எறியும் முறைக்கும் வரம்பு உண்டு. கையிலிருந்து விடுபட்ட பந்து எறிபவரின் முன்பகுதியிலும், பின்னர்க் களத்தின் நடுப்பகுதியிலும் தரையைத் தொட்டாக வேண்டும். தொடாவிடில் அது குற்றம். இவ்விதியின் நோக்கம் தெளிவானது. காற்றில் மிதந்து வரும் பந்து ஓசை எழுப்பாது. தரையில் மோதி உருளும் பந்தின் மணிதான் ஒலிக்கும். எனவே எறிபவர் தம் எதிரிக்குக் கட்டாயமாகத் தகவல் தந்தே ஆக வேண்டும். எறியும் கணத்தில் வேண்டாத ஓசை எழுப்பி எதிரணி கேட்கவொட்டாமல் தடுப்பதும் குற்றமே. பந்தைக் கைப்பற்றிய அணி பத்து விநாடிகளுக்குள் அதை நடுக்கோட்டைக் கடக்கச் செய்ய வேண்டும் என்பதால் ஆட்டம் தேங்குவதில்லை. ஒரு போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட எறிவுகள் நிகழ்கின்றன. குற்றம் இழைக்கும் அணிக்கு எதிராகப் பெனால்டி எறிவு வழங்கப்படும். அப்போது ஒன்பது மீட்டர் கோலை ஒருவர் மட்டுமே காக்க வேண்டும்.

கண்மறைப்பு தரும் சமன்மையும் தராத சமன்மையும்

பாராலிம்பிக் கோல்பாலில் பி1, பி2, பி3 என்னும் மூன்று வகைப்பாட்டினரும் ஒரே அணியில் ஆடலாம். பி1 வகையினருக்குப் பார்வை முற்றிலும் இல்லாமலிருக்கலாம், அல்லது ஒளியை உணருமளவே இருக்கலாம். பி3 வகையினருக்குக் குறிப்பிடத்தக்க அளவு எஞ்சிய பார்வை இருக்கும். இவ்வேறுபாட்டை நீக்குவதற்காகக் களத்தில் உள்ள அனைவரும் ஒளி புகாத கண்மறைப்பு அணிகின்றனர். நடுவரின் இசைவின்றி அதைத் தொடுவதே பெனால்டிக்குரிய குற்றம் என்னும் அளவுக்கு இவ்விதி கடுமையானது.

கண்மறைப்பு அனைவரையும் சமமாக்குகிறது என்று கூறுவது வழக்கம். இக்கூற்றில் பாதி உண்மையே உள்ளது. களத்தில் கிடைக்கும் தகவலை அது சமமாக்குகிறது. அத்தகவலைக் கையாளும் முன்னனுபவத்தைச் சமமாக்குவதில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் ஒலியாலும் தொடுகையாலும் மட்டுமே இடத்தை அறிந்து வளர்ந்தவர். இளமையில் பார்வையிழந்தவரிடம் கண்ணால் பெற்ற இடவுணர்வு எஞ்சியிருக்கும். எஞ்சிய பார்வையுடையவரோ அன்றாடம் சார்ந்திருக்கும் ஒன்றைக் களத்துக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வருகிறார். மூவரும் அருகருகே நின்று ஒரே பந்தைத் தடுக்க வேண்டும்.

பார்வையிழப்புக்கும் கேட்டலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வு முடிவுகளும் ஒருமுகமானவை அல்ல. பிறவியிலேயே பார்வையற்றோர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிகளை இடங்காண்பதில் பார்வையுடையோரினும் மேம்பட்டிருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நேர்முன்னே வரும் ஒலிகளில் அத்தகைய மேம்பாடு தெளிவாக இல்லை. பல ஒலிகளுக்கிடையே உள்ள இடத்தொடர்பைக் கணிக்கும் சில பணிகளில் அவர்கள் பின்தங்குவதையும் வேறு ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. காது தானே கூர்மையாகிவிடும் என்னும் எளிய சமன்பாட்டுக்கு இங்கு இடமில்லை.

ஜப்பான் அணியின் நடுக்காப்பாளரான ரியே உராட்டா இதற்குத் தக்க சான்று. குமமோட்டோ மாவட்டத்தில் 1977இல் பிறந்த இவர், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயால் ஏறத்தாழ இருபது வயதில் பார்வையின் பெரும்பகுதியை இழந்தார். கோல்பாலை அவர் அறிந்தது அதற்குப் பின்னரே. உலகின் மிகச்சிறந்த தற்காப்பு அணிகளுள் ஒன்றின் மையத்தில் நின்றவர் இருபது ஆண்டுகள் கண்ணால் வாழ்ந்தவர். அவருடைய செவித்திறன் பிறப்பினாலோ இழப்பினாலோ வாய்த்தது எனக் கூற வழியில்லை. கற்றுக்கொள்ளப்பட்டது என்றே கூற வேண்டும்.

செவியின் எல்லையும் தற்காப்பின் வடிவமும்

என்ன கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை அறிய, மாந்தச் செவியின் எல்லைகளை நோக்குவது பயன்தரும். ஒலி வரும் திசையை மூளை இரண்டு குறிப்புகளால் கணிக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி அப்பக்கக் காதை முதலில் அடைகிறது. முழுப் பக்கவாட்டிலிருந்து வரும்போதுகூட இக்கால வேறுபாடு ஏறத்தாழ 0.6 முதல் 0.7 மில்லிநொடி மட்டுமே. அத்துடன் தலையின் மறைப்பால் தொலைவான காதில் ஒலி சற்றுத் தணிந்து கேட்கிறது. மணியோசை போன்ற உயர் அதிர்வெண் ஒலிகளில் இரண்டாவது குறிப்பே பெரிதும் உதவுகிறது. நல்ல சூழலில், நேர்முன்னே உள்ள ஒலியின் திசையில் ஏற்படும் ஏறத்தாழ ஒரு பாகை மாற்றத்தை மாந்தரால் உணர முடியும் என 1958இல் மில்ஸ் காட்டினார். பக்கவாட்டுக்குச் செல்லச் செல்ல இந்த நுட்பம் பலமடங்கு குறைகிறது.

இந்த ஒரு பாகையைக் களத்தில் பொருத்திப் பார்க்கலாம். எறிபவர் பந்தை விடும் இடத்துக்கும் தற்காப்பு வீராங்கனைக்கும் இடையே 12 மீட்டர் இருப்பதாகக் கொண்டால், ஒரு பாகை என்பது அத்தொலைவில் 21 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். அதாவது செவியின் மிகச்சிறந்த நுட்பம் பந்தின் அகலத்தைவிடச் சற்றே நுண்மையானது. அதுவும் அமைதியான ஆய்வுக்கூடச் சூழலில், நிலையான ஒலிக்கு, நேர்முன்னே மட்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்த 12 மீட்டரை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். அந்நேரத்துக்குள் திசையைக் கணித்து, குந்திய நிலையிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து, கை முதல் கால் வரை உடலைத் தரையோடு நீட்டிச் சுவராக்க வேண்டும்.

உடல் நீட்டிய ஒருவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்தை மறைக்கலாம். மூவர் சேர்ந்தால் ஆறு மீட்டர். கோலின் அகலமோ ஒன்பது. எஞ்சும் மூன்று மீட்டரை எந்த உடலாலும் நிரப்ப இயலாது; சரியான முன்கணிப்பால் மட்டுமே நிரப்ப முடியும். கோல்பால் தற்காப்பு குறித்த எல்லாக் கேள்விகளும் இந்த மூன்று மீட்டரில் அடங்குகின்றன.

எனவேதான் தற்காப்பு அணி ஒரே வரிசையில் நிற்காமல் முக்கோணமாக நிற்கிறது. நடுக்காப்பாளர் சற்று முன்னே இருப்பார். பக்கக்காப்பாளர் இருவரும் சற்றுப் பின்னே இருப்பர். நடுவில் இருப்பவரே பந்தின் திசையை முதலில் அறிவிப்பவர். பெரும்பாலான பந்துகளைத் தடுப்பவரும் அவரே. பக்கக்காப்பாளர் பெரும்பாலும் தாக்குதலையும் மேற்கொள்கின்றனர். பந்தின் ஓசை மட்டுமே இவர்களுக்குத் தகவல் தருவதில்லை. எதிரணியில் பந்தைத் தடுத்தவர் யார், அது கைமாறியதா, ஓடிவரும் காலடிகள் எத்தனை, அவை நேராக வருகின்றனவா குறுக்காக வருகின்றனவா என்பன யாவும் எறிவுக்கு முன்னரே கேட்கப்படுகின்றன. தேர்ந்த அணி பந்தைக் கேட்கும்போது தன் கணிப்பைச் சரிபார்க்கிறது; தேராத அணி அப்போதுதான் கணிக்கத் தொடங்குகிறது. இவ்வேறுபாடே மேற்சொன்ன ஒரு நொடியை நீட்டித் தருகிறது.

ஏதென்ஸிலிருந்து இலண்டன் வரை

ஜப்பான் மகளிர் அணி பாராலிம்பிக் கோல்பாலில் முதன்முதலில் பங்கேற்றது 2004ஆம் ஆண்டு ஏதென்ஸில். முதற்பங்கேற்பிலேயே வெண்கலம் பெற்றது; தங்கம் கனடாவுக்கும் வெள்ளி அமெரிக்காவுக்கும் சென்றன. நான்கு ஆண்டுகள் கழித்துப் பெய்ஜிங்கில் எட்டு அணிகளுள் ஏழாம் இடமே கிட்டியது. ஏதென்ஸ் வெண்கலத்தை மட்டும் கண்டவருக்கு இவ்வீழ்ச்சி வியப்பளிக்கும். ஆனால் எட்டு அணிகள் மோதும் தொடரில் ஓரிரு கோல் வேறுபாடே பதக்கத்தையும் ஏழாம் இடத்தையும் பிரிக்கிறது என்பதையும் கருத வேண்டும். பெய்ஜிங் இறுதிப் போட்டியிலேயே அமெரிக்கா சீனாவை 6–5 என்னும் கணக்கில்தான் வென்றது.

அந்த 6–5க்கும் நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 1–0க்கும் இடையே உள்ள தொலைவு கவனிக்கத்தக்கது. இரு இறுதிப் போட்டிகளிலும் தோற்றது சீனாதான். பெய்ஜிங்கில் ஐந்து கோல்கள் அடித்த நாட்டின் அணியை இலண்டனில் ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் ஜப்பான் தடுத்தது. உடல்வலிமையிலும் உயரத்திலும் பல அணிகளுக்குப் பின்தங்கிய ஜப்பான், கோல்களைக் குவிக்கும் போட்டியில் இறங்காமல் குறைந்த கோல்களில் முடியும் ஆட்டத்தைத் தேர்ந்துகொண்டது. ஒரு கோல் முன்னிலை போதும் எனத் துணிந்து ஆடுவதற்குத் தற்காப்பின்மீது அசையாத நம்பிக்கை வேண்டும். ஒரு கால் இடறினாலோ ஒரு திசை பிழைத்தாலோ ஆட்டம் சமனாகிவிடும்; அதன்பின் இருமுறை மூன்று நிமிடம் கொண்ட கூடுதல் நேரம், அதிலும் முடிவு எட்டாவிடில் கூடுதல் எறிவுகள்.

இலண்டன் அணியின் அமைப்பும் பொருள் பொதிந்தது. மசாயே கோமியா ஏதென்ஸ் வெண்கலம் வென்ற அணியிலேயே ஆடியவர். உராட்டா பெய்ஜிங்கில் ஏழாம் இடத்தைக் கண்டவர். ஹருகா வகாசுகி அப்போது பள்ளிப் பருவத்தினர். ஒலிகளைக் கேட்டுப் பொருள்கொள்ளும் அறிவு ஏட்டில் எழுதிவைக்கத்தக்கதன்று. அருகில் கிடந்து ஆடுபவரின் குரலிலிருந்தும் அசைவிலிருந்தும் பெறப்படுவது. ஆகவே மூத்தோரும் இளையோரும் கலந்த அணி என்பது இவ்விளையாட்டில் அறிவு கைமாறும் வழியுமாகிறது. கோமியாவும் உராட்டாவும் வகாசுகியும் 2021 வரை ஒரே அணியில் தொடர்ந்தனர்.

ஓசையை மறைக்கும் கலை

தற்காப்பு ஒலியைச் சார்ந்தது எனில், தாக்குதல் ஒலியைக் குழப்பும் கலையாக வளர்வது இயல்பே. பந்து ஓசை எழுப்பியே ஆகவேண்டும் என விதி கூறுகிறது. எவ்வளவு, எத்தகைய ஓசை என்பதை எறிபவரே தீர்மானிக்கிறார். வேகமாகச் சுழலும் பந்தில் மணிகள் உட்சுவரோடு ஒட்டிச் சுழல்வதால் ஓசை தணிகிறது. தரையில் வலுவாக மோதித் துள்ளும் பந்து, கிடந்த நிலையில் இருக்கும் உடலுக்கு மேலே எழும்பிக் கடக்கிறது. அதன் ஓசையும் விட்டுவிட்டே கேட்கிறது. ஒருவர் ஓசையின்றிப் பந்தைத் தோழிக்குக் கைமாற்றிவிட்டுத் தாமே ஓடுவதுபோல் காலடி எழுப்புவதும் உண்டு. ஜப்பானின் எய்கோ ககேஹாதா உடலைச் சுழற்றி அவ்விசையோடு பந்தை எறியும் முறையைக் கையாண்டவர். தற்காப்புக்குப் பெயர்பெற்ற அணியிலும் இக்கலை வளர்ந்ததற்கு அவர் சான்று.

இக்கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றது துருக்கி மகளிர் அணி. இலண்டன் போட்டியில் இடம்பெறாத துருக்கி, தன் முதல் பாராலிம்பிக் பங்கேற்பான 2016 ரியோவிலேயே இறுதிப் போட்டியில் சீனாவை 4–1 என வென்று தங்கம் பெற்றது. அவ்வணியின் முதன்மைத் தாக்குநர் செவ்தா அல்துனோலுக். முற்காலத்தில் ஒரே வீரர் தொடர்ந்து மூன்றாம் முறை எறிவது குற்றமாகக் கருதப்பட்டது. பின்னர் அவ்விதி நீக்கப்பட்டது. வலிமை மிக்க ஒருவரிடமே பந்தை மீண்டும் மீண்டும் சேர்க்கும் உத்திக்கு இம்மாற்றம் வழிதிறந்தது. விதிநூலில் ஒரு வரி நீங்கினால் களத்தில் ஒருவரின் தோள் அணியின் முழுத் தாக்குதலாகிவிடலாம் என்பது விளையாட்டு வரலாற்றில் அடிக்கடி காணப்படுவதே. எனினும் துருக்கியின் வெற்றியை ஒருவரின் தோளுக்கு மட்டும் உரியதாக்குவது மிகை. எறிவுக்கு முந்தைய அமைதியான நகர்வுகளில் மூவருக்கும் பங்குண்டு.

ரியோவில் ஜப்பான் காலிறுதியில் சீனாவிடம் தோற்று வெளியேறியது. அதன்பின் அணியின் சிக்கல் தெளிவாயிற்று: தற்காப்பு மட்டும் போதாது. இலண்டனில் ஓட்டப் பந்தயங்களில் பங்கேற்றவரும் பின்னர்க் கோல்பாலுக்கு வந்தவருமான யூகி தெம்மா அணித்தலைவரானார். நோரிகா ஹகிவாரா என்னும் இளம் தாக்குநர் சேர்ந்தார்.

டோக்கியோ: ஒரே தொடரில் இரு பாடங்கள்

பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்ட டோக்கியோ பாராலிம்பிக்கின் கோல்பால் போட்டிகள் 2021 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சிபா மாவட்டத்தின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் நடந்தன. ஜப்பான் தன் முதல் ஆட்டத்தில் துருக்கியிடம் 1–7 எனத் தோற்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இறுதிப் போட்டியில் ஒரு கோலும் விடாத அணிக்கு இது கடுமையான தொடக்கம். அரையிறுதியில் மீண்டும் துருக்கியே எதிர்ப்பட்டது, இம்முறை 5–8. கோல்களை மட்டும் எண்ணினால், முதல் ஆட்டத்தைவிட ஒரு கோல் கூடுதலாகவே ஜப்பான் விட்டுக்கொடுத்தது. ஆனால் ஒரு கோல் அடித்த இடத்தில் ஐந்து கோல்கள் அடித்தது. தற்காப்பால் மட்டுமே தடுக்க முடியாத எதிரியை எதிர்த்தாக்குதலால் நெருங்கிய ஆட்டம் அது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலை 6–1 என ஜப்பான் வென்றது. தங்கம் 9–2 என்னும் கணக்கில் அமெரிக்காவை வென்ற துருக்கிக்கே உரித்தாயிற்று.

இலண்டன் 1–0, டோக்கியோ 9–2 என்னும் இரு இறுதிப் போட்டிக் கணக்குகளை அருகருகே வைத்து, கேட்டலின் காலம் முடிந்து வலிமையின் காலம் பிறந்தது என முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு பொருந்தாது. துருக்கியின் பந்து கோலானது அது வேகமாக வந்ததால் மட்டுமன்று. எங்கிருந்து, யார் கையிலிருந்து வரும் என்பதைக் கேட்டறிவதற்கான குறிப்புகள் முன்னரே குறைக்கப்பட்டிருந்ததாலும் ஆகும். எதிரி எதைக் கேட்கிறார் என்பதை அறியாதவரால் அதை மறைக்க இயலாது. ஆக, தாக்குதலும் கேட்டலின் மற்றொரு வடிவமே. செவி தானே கூர்மையாகிறது என்னும் விளக்கம் இங்குதான் முற்றிலும் பயனற்றுப் போகிறது. இரு அணிகளின் செவிகளுக்கும் ஒரே எல்லைதான்; அந்த எல்லையை அறிந்து அதன் விளிம்பில் பந்தைச் செலுத்தும் அறிவில்தான் அணிகள் வேறுபட்டன.

அரங்கின் அமைதி

கோல்பாலில் பார்வையாளரின் பங்கு மற்ற விளையாட்டுகளுக்கு நேர்மாறானது. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்குமுன்பும் நடுவர் அமைதி காக்கும்படி அறிவிக்கிறார். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை கைதட்டலும் ஆரவாரமும் கூடா. பயிற்றுநர்கூட ஆட்டம் நிற்கும் வேளைகளில் மட்டுமே களத்தில் உள்ளோருக்குக் குறிப்புத் தரலாம். பார்வையுடைய ஆயிரக்கணக்கானோர் பந்தின் போக்கைக் கண்ணால் கண்டும் அதைக் குரலால் வெளிப்படுத்தாமல் அடக்கிக்கொள்கின்றனர். களத்தில் இருப்போருக்குத் தேவையான தகவல் தங்களிடம் உண்டு என்பதும் அதைத் தரக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆட்டம் நின்ற கணத்தில்தான் அந்த அடக்கம் ஆரவாரமாக உடைகிறது. உள்ளூர் அணிக்கு ஆதரவாக எழும் இரைச்சல் என்னும் சலுகை இவ்விளையாட்டில் இல்லை. இரைச்சல் இரு அணிகளின் செவியையும் ஒருசேர மறைத்துவிடும்.

காப்பர் பாக்ஸ் அரங்கில் 2012இல் அந்த அமைதியைக் கூட்டத்தினர் காத்தனர். மகுஹாரியில் காக்க எவரும் இல்லை. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் பொதுமக்கள் அனுமதிக்கப்படாத காலி இருக்கைகளுக்கு நடுவே மணியோசையும் காலடியோசையும் எதிரொலிக்க, ஜப்பான் வீராங்கனையர் தம் நாட்டிலேயே தம் மக்கள் இன்றி ஆடினர். ஜப்பான் ஆடவர் அணி பாராலிம்பிக் கோல்பாலில் முதன்முதலாகக் களமிறங்கியதும் அதே அரங்கில், மகளிர் அணி ஏதென்ஸில் பதக்கம் வென்று பதினேழு ஆண்டுகள் கழித்தே. அடுத்த பாராலிம்பிக்கில், 2024ஆம் ஆண்டு பாரிஸில், துருக்கி மகளிர் அணி இஸ்ரேலை 8–3 என வென்று தொடர்ந்து மூன்றாம் முறையாகத் தங்கம் பெற்றது. ஜப்பான் ஆடவர் அணி உக்ரைனை 4–3 என வென்று தன் முதல் தங்கத்தைப் பெற்றது.